புள்ளிகளில் ஒளிந்திருந்த நிறம்

கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து இழந்த நிறத்தை மீட்க முடியுமா? முடியும்!

'டாட்ஸ் ஆர்மி' பிரிட்டனின் பி.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பிய நகைச்சுவைத் தொடர். அதில் 1969-இல் வண்ணத்தில் பதிவான 'ரூம் அட் த பாட்டம்' என்ற பகுதியின் காந்த நாடா பின்னர் அழிக்கப்பட்டது. எஞ்சியது, தொலைக்காட்சித் திரையைப் படம்பிடித்த கறுப்பு வெள்ளைப் படச்சுருள் மட்டுமே.

ஆனால் நிறச் செய்தியைச் சுமந்த அலை, அத்திரையில் நுண்புள்ளிகளாகத் தெரிந்தது; சுருளிலும் பதிந்தது. அலையின் கட்டம் நிறத்தைக் குறிக்கும்; வீச்சு அதன் செறிவைக் குறிக்கும். இவற்றைக் கணிப்பொறி புள்ளிகளிலிருந்து கணக்கிட்டது. 2008-இல் அப்பகுதி வண்ணத்தில் ஒளிபரப்பாயிற்று.

படத்துக்குக் குறை என்று அப்புள்ளிகளை அன்றே வடிகட்டியிருந்தால்? சிந்தித்துப் பாருங்கள்!