செடித் தொட்டியில் பாசி: எதற்கு எந்த வழி

தமிழில் பாசி என்ற சொல் இரண்டு வேலை பார்க்கிறது. குளத்துப் படியில் காலை வாரிவிடும் பச்சை வழுக்கலும் பாசிதான். அதே குளத்தின் அடியில் வளர்ந்து நிற்கும் நீர்ச்செடியும் பேச்சுவழக்கில் பாசிதான். செடி வைத்த மீன்தொட்டியில் இந்த இரண்டும் ஒரே வெளிச்சத்தையும் ஒரே சத்தையும் பங்குபோட்டுக்கொள்கின்றன. செடி தளதளவென்று வளரும் தொட்டியில் வழுக்குப் பாசி ஒதுங்கியே இருக்கும். செடி தேங்கி நிற்கும் தொட்டியில் ஏறிவிடும். ஆகவே பாசியை விரட்ட எந்த வழியைத் தேர்ந்தாலும், செடிக்கு என்ன குறை என்று பார்த்த பிறகே தேர்ந்தாக வேண்டும். அதைப் பார்க்காமல் ஊற்றும் மருந்துக்கு ஆயுள் இரண்டு வாரம்தான்.

முதல் தேர்வு தொட்டி அமைக்கும் நாளிலேயே வந்துவிடுகிறது: மிதமான விளக்கில் மெல்ல வளரும் தொட்டியா, கரியமில வாயு செலுத்தி வேகமாக வளர்க்கும் தொட்டியா? முதல் வகைக்கு அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், வாலிஸ்னேரியா, கிரிப்டோகோரைன் போதும். கிரிப்டோகோரைன் வெண்டியை என்ற வகை இலங்கைக்கே உரிய செடி. சித்திரை வைகாசியில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தொடும்போதும் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். நட்ட சில நாளில் அதன் இலைகள் கூழாகக் கரைவதைப் பார்த்துப் பலர் செடி செத்துவிட்டதென்று பிடுங்கி எறிகிறார்கள். வேரை அப்படியே விட்டால் புது இலை விடும். கரைந்த இலையை மட்டும் எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் அழுகிப் பாசிக்குத் தீனியாகும்.

தரையில் பாய் விரித்ததுபோல் படரும் குறுஞ்செடிகளும், சிவந்து நிற்கும் ரோட்டாலாவும் நன்றாக வருவது இரண்டாம் வகையில்தான். வலுவான விளக்கு, லிட்டருக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராம் கரியமில வாயு, தவறாத உரம், வாரம் ஒருமுறை பாதி நீர் மாற்றம் என நான்கும் அதற்குச் சேர்ந்தே வேண்டும். பாசித் தொல்லையில் பெரும்பங்கு இந்த இரண்டு வகைக்கும் நடுவில் நிற்கும் தொட்டிகளில்தான் வருகிறது: விளக்கு இரண்டாம் வகைக்கு உரியது, வாயு கிடையாது, நீர் மாற்றம் நினைவு வந்தபோது. கிடைக்கும் வெளிச்சம் முழுவதையும் பயன்படுத்தச் செடிக்கு வாயு போதாது. குறைவான வாயுவிலும் பிழைத்துக்கொள்ளும் பாசி அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. இப்படிப்பட்ட தொட்டிக்கு முதல் மருந்து விளக்கைக் குறைப்பதுதான், செலவும் இல்லை. மங்கவைக்கும் வசதி இல்லாத விளக்கைச் சற்று உயர்த்திக் கட்டலாம். நீர்ப்பரப்பில் ஆகாயத்தாமரையோ வேறு மிதக்கும் செடியோ விட்டு நிழல் தரலாம். மிதக்கும் செடிக்குக் காற்றிலிருந்தே வாயு கிடைப்பதால் அது வேகமாக வளர்ந்து, நீரில் மிஞ்சிய சத்தையும் உறிஞ்சிவிடும்.

வாயு செலுத்துவதென்று முடிவானால் மூன்று வழிகள் உண்டு. சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்த பாட்டில் மலிவு. ஆனால் முதல் சில நாள் பொங்கி, இரண்டாம் வாரத்தில் அடங்கிவிடும். வாயு கூடுவதும் குறைவதுமாக இருப்பதே கருந்தாடிப் பாசிக்குப் பிடித்த நிலை என்பதால், சின்னஞ்சிறு தொட்டிக்கு மேல் ஈஸ்ட் பாட்டிலைப் பரிந்துரைக்க முடியாது. அதைவிட வாயுவே இல்லாத தொட்டி மேல். சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் கொண்ட அமைப்பில் வால்வு இருப்பதால் ஓரளவு சீராக விடலாம். 100 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டிக்கு ரெகுலேட்டர் வைத்த சிலிண்டரே சரி. விளக்கு எரிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வாயுவைத் திறந்து, விளக்கு அணையும்போது அடைக்க வேண்டும். தொட்டிக்குள் தொங்கும் டிராப் செக்கரின் நீர்மம் நீலமாக இருந்தால் வாயு குறைவு, பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் மிகை. நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும் என்பதால் கண் மீன்கள்மேலும் இருக்க வேண்டும். வெந்நாட்களில் நீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் செடியை மறந்து, வாயுவை நிறுத்திவிட்டு ஏர் பம்பைப் போட வேண்டும்.

விளக்கு நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் எரிந்தால் போதும், அதுவும் டைமரில். முள் சுற்றும் டைமர் மின்வெட்டின்போது நின்று, பிறகு விட்ட இடத்திலிருந்து ஓடும். சில வாரத்தில் விளக்கு நள்ளிரவில் எரியத் தொடங்கும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமருக்கு இந்தக் குறை இல்லை. ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் தொட்டி இருந்தால் எந்த டைமரும் உதவாது.

இவ்வளவும் சரியாக இருந்தும் பாசி வந்தால், அது எந்தப் பாசி என்று கண்டுகொள்ள வேண்டும். விரலால் தேய்த்ததும் தூசிபோல் கலையும் பழுப்புப் படலம் புதிய தொட்டிகளில் வரும் டயட்டம். துடைத்துவிட்டுக் காத்திருந்தால் சில வாரத்தில் தானே போய்விடும். அதற்கு மருந்து வாங்குவது வீண். கண்ணாடியிலும் அனுபியாஸின் முதிர்ந்த இலைகளிலும் ஒட்டும் பச்சைப் புள்ளி, தேய்த்தால் அசையாது. கண்ணாடியைப் பழைய ஏடிஎம் அட்டையாலோ பிளேடாலோ சுரண்டலாம். அக்ரிலிக் தொட்டியில் பிளேடு கூடாது. இந்தப் புள்ளி மீண்டும் மீண்டும் வந்தால் விளக்கு மிகுதி, அல்லது நீரில் பாஸ்பேட் குறைவு. பாஸ்பேட்டைப் பாசியின் தீனி என்று அடியோடு ஒழிக்க முயல்பவர்களிடம்தான் இது அதிகம் தங்குகிறது.

மிகவும் பிடிவாதமானது கருந்தாடிப் பாசி. இலை விளிம்பிலும் மரக்கட்டையிலும் ஃபில்டர் குழாய் வாயிலும் கறுப்பு மயிர்க்குச்சமாக நிற்கும். ஒரு குச்சத்தைக் கிள்ளி ஸ்பிரிட்டில் போட்டால் கறுப்பு மெல்லக் கழன்று உள்ளிருக்கும் சிவப்பு தெரியும்; இது சிவப்புப் பாசி இனம் என்பதற்கு அதுவே சான்று. பச்சைப் பாசி அப்படிச் சிவக்காது. இதற்கு இரண்டு மருந்துகள் வழக்கத்தில் உள்ளன. 'திரவ கார்பன்' என்ற பெயரில் விற்பது குளூட்டரால்டிஹைடு சேர்மம். மருத்துவமனைகளில் கருவிகளைக் கிருமி நீக்கப் பயன்படும் பொருள் அது. பாசியைக் கொல்லும், வாலிஸ்னேரியாவையும் கரைத்துவிடக்கூடும், கையுறை இல்லாமல் தொடக் கூடாது, முகர்ந்து பார்க்கவும் கூடாது.

மற்றது மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு. வேலை முடிந்ததும் நீரும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துவிடுவதால், ஒருசில இடத்தில் மட்டும் பாசி இருக்கும் தொட்டிக்கு இதுவே முதல் தேர்வாகத் தகும். ஆனால் நம் கடைகளில் '20 வால்யூம்' என்று அச்சிட்டு வருவது 6 சதவீதக் கரைசல். பாசிக் குறிப்புகளில் சொல்லப்படும் அளவுகளோ 3 சதவீதத்துக்கு. அதே அளவு நீர் சேர்த்துப் பாதியாக்காமல் ஊற்றினால் மருந்து இரட்டிப்பாகும், முதலில் இறப்பது இறால். பாதியாக்கியதில் 100 லிட்டர் நீருக்கு 30 மில்லிக்கு மேல் ஒரு நாளில் போகாமல், ஃபில்டரை நிறுத்தி, ஊசியில்லாத சிரிஞ்சால் குச்சத்தின்மேல் மெல்ல விட வேண்டும். உடனே முத்துமுத்தாகக் குமிழி எழும். பத்து நிமிடம் கழித்து ஃபில்டரைப் போடலாம். இரண்டு மூன்று நாளில் கறுப்பு இளஞ்சிவப்பாகி, வெளுத்து, மீன் கடிக்கும் பதத்துக்கு வந்துவிடும்.

நூல்போல் நீளும் பச்சைப் பாசியைப் பழைய பல்துலக்கியில் நூல்கண்டு சுற்றுவதுபோல் சுற்றி இழுப்பதைவிட வேகமான வழி கிடையாது. மருந்து அதற்குப் பிறகுதான்.

போர்வைபோல் மூடி, உரித்தால் தோலாக வந்து, மண்வாடையோடு நாறும் நீலப்பச்சைப் படலம் உண்மையில் பாசியே அல்ல, பாக்டீரியா. அதனால்தான் எரித்ரோமைசின் அதைக் கொல்கிறது. ஆனால் மனிதருக்குரிய அந்த ஆன்டிபயாட்டிக்கைத் தொட்டியில் கரைத்துப் பிறகு சாக்கடையில் விடுவது, மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கும் காரியம். படலத்தைக் குழாயால் உறிஞ்சி எடுத்து, பாதி நீரை மாற்றி, தொட்டியைப் போர்வையால் மூடி மூன்று நான்கு நாள் இருட்டில் வைத்தால் பெரும்பாலும் அடங்கும். அந்த நாட்களில் வாயு கூடாது, ஏர் பம்ப் ஓட வேண்டும். நலமாக உள்ள வளர்ந்த மீன்களை அத்தனை நாள் பட்டினி வாட்டாது. திறந்ததும் மறுபடி பாதி நீர் மாற்றம் கட்டாயம், ஏனெனில் செத்தது அத்தனையும் நீரில்தான் இருக்கும். நீர் ஓட்டம் தேங்கும் மூலைகளில் இது திரும்பி வரும். ஃபில்டரின் வாயைத் திருப்பிவைப்பது அங்கே மருந்தைவிடப் பயன்படும்.

நீரே பச்சையாகிவிட்டால் நீர் மாற்றத்தால் மட்டும் தீராது. மிஞ்சிய பாசி சில நாளில் பெருகி மறுபடி நிரப்பிவிடும். இருட்டடைப்பா, புறஊதா விளக்கா என்றால், ஒரு முறை வந்ததற்கு இருட்டே போதும். அடிக்கடி வரும் தொட்டிக்குப் புறஊதா விளக்கு நல்ல முதலீடு, மருந்து எதுவும் கலக்காமலே சில நாளில் நீர் தெளியும். தொழுவுரம் கலந்த மண்ணை அடியில் போட்டதாலோ, தீனி மிகுந்ததாலோ அம்மோனியா ஏறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பாசி தின்னும் உயிர்களைத் தேர்வதில் கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் சக்கர் மீன். வாங்கும்போது விரல் நீளம், வளர்ந்தால் ஒரு அடிக்கு மேல். அது செடிகளைப் பிடுங்கிப்போடும், கழிவும் மிகுதி. தொட்டிக்கு அடங்காமல் ஏரியில் விடப்பட்ட இந்தத் தென் அமெரிக்க மீன்கள் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்திருக்கின்றன. செடித் தொட்டிக்கு இதை வாங்கவே கூடாது. வாங்கியிருந்தால் குளத்தில் விடாமல் கடையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஜப்பானியத் தொட்டிக் கலைஞர் தகாஷி அமானோ புகழ்பெறச் செய்ததால் அவர் பெயரையே தாங்கும் அமானோ இறால், நூல் பாசிக்கு மிகச் சிறந்தது. ஆனால் 28 டிகிரிக்கு மேல் நீண்ட நாள் இருந்தால் வாடும். வெப்பமான வீட்டுக்கு நெரைட் நத்தை பொருந்தும். ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பதால், நம்மூர் போர்வெல் நீரின் கடினத்தன்மை அதற்குச் சாதகம். முழுக்க ஆர்ஓ நீரில் அதன் ஓடு அரிக்கும். நன்னீரில் அதன் முட்டைகள் வளர்ந்து பெருகாது; கட்டையில் வெள்ளைப் புள்ளிகளாக ஒட்டிக்கொண்டிருப்பது மட்டுமே குறை. கருந்தாடியைத் தின்பதற்கென்று சயாமீஸ் மீன் கேட்டு வாங்கும்போது, உடலின் கறுப்புக்கோடு வால் நுனிவரை ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். வால் அடியிலேயே கோடு நின்றால் அது வேறு மீன். உண்மையான சயாமீஸும் வளர்ந்து தீனிக்குப் பழகிவிட்டால் பாசியைக் கவனிக்காது. இறாலோ நத்தையோ உள்ள தொட்டியில் செம்பு கலந்த பாசிக்கொல்லி ஒரு சொட்டும் கூடாது.

எதுவும் பலிக்காதபோது தொட்டியையே கலைக்கும் எண்ணம் வரும். அடிமண் கறுத்து அழுகிய முட்டைபோல் நாறினால் ஒழிய அதற்கு அவசரம் வேண்டாம். புது மண், புது அம்மோனியா, மறுபடி டயட்டம் என்று முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பாசி மொய்த்த அனுபியாஸை மட்டும் வெளியே எடுத்து, ஒரு பங்கு சாதாரண பிளீச்சுக்கு இருபது பங்கு நீர் கலந்ததில் இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாமல் முக்கி, ஆன்ட்டி குளோரின் கலந்த நீரில் நன்றாக அலசி, குளோரின் வாடை முற்றிலும் போன பிறகு திரும்ப வைக்கலாம். வாலிஸ்னேரியாவும் மாஸும் இந்தக் குளியலைத் தாங்காது; அவற்றில் பாசி மிகுந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல துண்டுகளை மட்டும் நட வேண்டும்.