வானொலியின் அடையாள இசை

ஊருக்குப் பெயர்ப்பலகை உண்டு. வானொலி நிலையத்திற்கோ பலகை நாட்ட இடமில்லை. கண்ணுக்குப் புலனாகாத அந்நிலையம் தன் பெயரைக் காதின் வழியாகவே அறிவிக்கவேண்டும். மதகடிப்பட்டுச் செவ்வாய்ச் சந்தையில் நிற்பவர், வணிகர் முகங்காணுமுன் கூவுங் குரலைக் கொண்டே அவர் இன்னாரென்று தெளிகின்றனரன்றோ? அவ்வாறே நேயரும் சில நொடி இசையால் நிலையத்தை இனங்காண்கின்றனர்.

நம்மவர் நன்கறிந்தது அகில இந்திய வானொலியின் அடையாள இசை. தம்புராச் சுருதியின்மேல் வயலின் இழையும் அவ்விசையை 1936-ஆம் ஆண்டளவில் அமைத்தவர் வால்டர் காஃப்மன் என்னும் யூதர். இவர் 1934-இல் பிராகு நகரைவிட்டுப் பம்பாயில் அடைக்கலம் புகுந்தவர். 1946 வரை அங்கே வாழ்ந்தார். புதுச்சேரியில் 1967-இல் நிலையம் தொடங்கியபின் நம் கிராமங்களிலும் பழகிய இவ்விசையைக் கேட்டோருள் அவர் பெயரை அறிந்தோர் எத்துணைப் பேர்?

அதே 1967-இல் இங்கிலாந்தில் பி.பி.சி. தன் உள்ளூர் நிலையங்களைத் திறக்கலாயிற்று. அவற்றுட் சிலவற்றிற்கு அடையாள இசை செய்துதவியது, 1958-இல் லண்டன் மைடா வேலில் நிறுவப்பட்ட ஒலிப் பட்டறை. ஆங்கு வாத்தியக் குழு இல்லை. மின்சாரத்தால் சுரம் எழுப்பும் கருவிகளும், காந்த நாடாக்களும், நாடாவை அறுக்கும் அலகுமே கருவிகள். பியானோ வல்லுநரான ஜான் பேக்கர், புட்டியிலிருந்து எழும் ஒலி போன்ற எளிய ஓசைகளைப் பதிந்து இசையாக்குவதில் தேர்ந்தவர். நாட்டிங்ஹாம் நிலையத்தின் அடையாள இசை அவர் செய்தது.

இவ்வேலையின் நுட்பம் கருதத்தக்கது. நாடாவை இருமடங்கு வேகத்தில் ஓட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும். ஒலிக்கும் காலம் பாதியாகும். இவ்வாறு ஓர் ஓசையினின்றே பல சுரங்களைப் பெறலாம். நொடிக்கு 15 அங்குலம் ஓடும் நாடாவில் கால் நொடிச் சுரத்தின் நீளம் 3¾ அங்குலம். ஆகவே தாளத்தைக் கையால் தட்டாமல் அளவுகோலால் அளந்து, துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டினர்! பேக்கர் அளவைச் சிறிதே பிசகவிட்டு ஒட்டி, ஜாஸ் இசைக்குரிய அசைவை வருவித்தார். யந்திரத்தால் விளைந்த இசை உயிரற்றதென்போர் இதனைக் கேட்டல் நன்று. கேட்பதற்குச் சில நொடி. செய்வதற்கோ பல நாள் ஆகும்.

எனினும் பட்டறையின் பெயரே பெரும்பாலும் அறிவிக்கப்பட்டது. செய்தவர் பெயர் மறைந்தது. 1963-இல் ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசைக்கு மின்னொலி வடிவம் தந்த டீலியா டெர்பிஷயர் அம்மையார் 2001-இல் மறைந்தார். திரையில் அவர் பெயர் தோன்றியது 2013-இலேயே. பேக்கர் 1997-இல் காலமானார். மறுவாண்டு பட்டறையும் மூடப்பட்டது.

நம் நாட்டிலும் இத்தகைய மறதி நேர்ந்ததுண்டு. வானொலிக்காக அன்றெனினும், அகமதாபாத்துத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் 1969-இல் மூக் என்னும் மின்னிசைக் கருவி அமைக்கப்பட்டது. கீதா சாராபாய் முதலியோர் அங்குப் பதிந்த நாடாக்கள் நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தன. அவற்றினின்று தெரிந்தெடுத்த இசை 2023-இல் வெளிவந்தது. இம்முறை ஒவ்வொன்றின் பக்கத்திலும் இயற்றியவர் பெயர் அச்சிடப்பட்டிருந்தது.