நிற்கத் தெரிந்தால் போ

பரவை,
மார்கழி 8.

அன்புள்ள தாயி,

உங்கப்பன் நேற்று ராத்திரி போன் போட்டான். பொங்கல் கழிந்ததும் நீ பரவையிலிருந்து கன்னியாகுமரிக்குத் தன்னந்தனியாக சைக்கிள் மிதிக்கப் போகிறாயாம். ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து பேசுகிறவன் மாதிரி சொன்னான். "நீங்க சொன்னாத்தான் கேப்பா. நிறுத்தச் சொல்லி ஒரு வார்த்தை எழுதுங்க" என்றான். எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் இந்தக் கடிதம். முழுக்க முழுக்க நிற்பதைப் பற்றியது.

முப்பத்தைந்து வருஷம் சைக்கிள் கடை நடத்தினவன் நான். மணி வாடகைக்கு எடுத்து, குரங்குப் பெடல் போட்டு, முட்டியைப் பேர்த்துக்கொண்டு வந்து நின்ற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இன்று பேரன் பேத்தி இருக்கிறது. ஓடாத சைக்கிளால் ஒருத்தருக்கும் அடிபட்டு நான் பார்த்ததில்லை. செயின் அறுந்தால் உருட்டிக்கொண்டு வருவார்கள், அவ்வளவுதான். நிற்காத சைக்கிளால் பட்ட அடிக்குத்தான் கணக்கில்லை. சிலருக்குப் பிரேக் கட்டை தேய்ந்திருக்கும். பலருக்கு நிறுத்த மனசு வந்திருக்காது. கட்டையென்றால் நான் மாற்றிக் கொடுத்துவிடுவேன்.

உன் திட்டத்தை உங்கப்பன் எனக்கும் அனுப்பினான். வழியை நன்றாகத் தேர்ந்திருக்கிறாய். விருதுநகர், கோவில்பட்டி, கயத்தாறு, நெல்லை என்று நாலு வழிச் சாலையிலேயே போனால் சுருக்கம்தான். ஆனால் ஊர்களெல்லாம் மேம்பாலத்துக்குக் கீழே போய்விடும். பெயர்ப்பலகை மட்டும் பார்த்துக்கொண்டு போகலாம். நீ மலையடிவாரத்தை ஒட்டி ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, அம்பாசமுத்திரம், களக்காடு என்று போகிறாய். 300 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடவே வரும். வலது கைப்பக்கம் மலை கடைசிவரை கூடவே வரும். அதைவிட நல்ல துணை கிடையாது.

எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான். ரெண்டு நாளில் முடிப்பதாகப் போட்டிருக்கிறாய். ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டர். உன் காலுக்கு அது முடியும் என்றே வைத்துக்கொள்வோம். வழியில் இருக்கிற ஊர்களை எண்ணிப் பார்த்தாயா? ஒன்றில்கூட உட்கார்ந்து ஒரு டீ குடிக்க உன் கணக்கில் நேரமில்லை. அதற்கு ரயிலில் போகலாமே, ஜன்னல் ஓரம் கிடைத்தால் இதைவிட நன்றாகத் தெரியும். ரெண்டு நாளை ஆறு நாளாக்கு. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

விடிகாலை 5 மணிக்குக் கிளம்பு. ஆனால் வாசலில் இறங்கியதும் வேகம் எடுக்காதே. அந்த நேரத்தில் நம்ம காய்கறி மார்க்கெட்டுக்கு வந்து போகிற லாரிகள் திண்டுக்கல் ரோட்டில் வரிசை கட்டும். ராத்திரி முழுக்கத் தூங்காத டிரைவர்கள். தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடக்கிறவர்களைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? பையின் முதுகில் பளபளக்கிற ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டுதான் போவார்கள். நீயும் ஒட்டிக்கொள். பின்னால் சிவப்பு விளக்கு, பகலிலும் எரியட்டும். வைகையைத் தாண்டி துவரிமான், நாகமலைப் புதுக்கோட்டை, செக்கானூரணி வழியாகத் திருமங்கலம் போய்விட்டால் மதுரை நெரிசலுக்குள் தலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

முதல் நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் நிறுத்திவிடு. ஆண்டாள் கோயில் கோபுரம் தெரியும்போது உன் கால் இன்னும் சூடாகத்தான் இருக்கும். ராஜபாளையம் பக்கம்தானே, இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தானே என்று சொல்லும். கேட்காதே. முதல் நாள் உற்சாகத்துக்கு மூன்றாம் நாள்தான் வட்டி கட்டவேண்டி வரும். பால்கோவா வாங்கித் தின்றுவிட்டுச் சீக்கிரம் படு.

மறுநாள் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி. தை வெயில்தானே என்று அலட்சியம் வேண்டாம். பத்தரை மணிக்கு எந்த ஊரில் இருக்கிறாயோ அங்கே இறங்கி, மூன்றரைக்கு மேல் திரும்ப மிதி. தாகம் எடுத்தபிறகு குடிக்கிற தண்ணீர் தாமதமான தண்ணீர். வெறும் தண்ணீரும் போதாது. வேர்வையில் உப்புப் போகிறது. புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். அங்கே நாலு பழம் வாங்கிப் பையில் போட்டுக்கொள். உப்புப் போட்டுப் பிழிந்து குடித்துக்கொண்டே போகலாம்.

மூன்றாம் நாளைச் சின்ன நாளாக வை. தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். வழியில் கடையம் வரும். பாரதியார் 1918-லிருந்து 1920 வரை குடியிருந்த ஊர், செல்லம்மாள் பிறந்த ஊர். அங்கே ஒரு மணி நேரம் சும்மா சுற்று. மத்தியானம் தாமிரபரணியில் குளி. ஆனால் ஊர்க்காரப் பெண்கள் குளிக்கிற படித்துறையில் மட்டும். ஆற்றின் ஆழம் அவர்களுக்குத்தான் தெரியும். நாலாம் நாள் கல்லிடைக்குறிச்சி அப்பளம், பத்தமடை பாய் என்று பார்த்துக்கொண்டே களக்காடு போய்ச் சேரலாம். பாய் முடைகிறவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார். கோரையை எவ்வளவு மெல்லிசாகக் கிழிக்கிறார்கள் என்று பார்த்தால் உன் அவசரம் அடங்கும். அஞ்சாம் நாள் திருக்குறுங்குடி கோயில், பணகுடி. ஆறாம் நாள் கடல்.

இனி என் தொழில் விஷயம். உன் சைக்கிளுக்கு 21 கியர் என்றாய். கியர் எத்தனை இருந்தாலும் முள் விடாது. நம்ம பக்கம் ரோட்டோரம் முழுக்கச் சீமைக் கருவேல முள். லாரிக்கு ஒதுங்கி மண்ணில் இறங்கினால் முள் ஏறும். பஞ்சர் ஒட்டத் தெரிந்துகொண்டு போ; இங்கே வந்ததும் நான் சொல்லித் தருகிறேன். ஒட்டினபிறகு டியூபை அப்படியே மாட்டிவிடாதே. டயரின் உள்பக்கம் விரலால் மெதுவாகத் தடவிப் பார். குத்தின முள் பெரும்பாலும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். அதை எடுக்காமல் மாட்டினால் அரை மணியில் அதே இடத்தில் திரும்பக் குத்தும். உன் மெல்லிய சக்கரத்துக்கு டியூப் சிவகிரியிலோ களக்காட்டிலோ கிடைக்கும் என்று நம்பாதே. ரெண்டு டியூப், பம்பு, சொலூஷன், செயின் எண்ணெய், ஒரு செட் பிரேக் கட்டை பையில் இருக்கட்டும்.

போன தீபாவளிக்கு நீ ஒரு அயர்லாந்து அம்மாள் கதையைப் படித்துக் காட்டினாயே, டெர்வ்லா மர்ஃபி, எனக்கு மறக்கவில்லை. பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு சைக்கிளும் ஒரு அட்லஸும் கிடைத்ததும் இந்தியாவுக்கு சைக்கிளில் போவதென்று முடிவு செய்தாரே, அவர்தான். நோயாளித் தாயைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு, அதன்பிறகு 1963 ஜனவரியில், 31 வயதில் தனியாகக் கிளம்பினார். உனக்கு அவர் தைரியம் பிடித்தது. எனக்குப் பிடித்தது வேறு. ஆசிய ரோடுகளுக்குத் தாங்காது என்று சைக்கிளில் இருந்த கியரைக் கழற்றிவிட்டுக் கிளம்பினாரே, அந்த புத்தி. டயர்களை வழியிலுள்ள ஊர்களுக்கு முன்கூட்டியே அனுப்பி வைத்தாரே, அந்த ஜாக்கிரதை. பனி மிதிக்க விடாத இடத்தில் கூச்சப்படாமல் ரயிலிலும் லாரியிலும் ஏறிக்கொண்டாரே, அது எல்லாவற்றுக்கும் மேல். அப்படிப்பட்டவர்தான் டெல்லி வரை வந்து சேர்ந்தார்.

பெண் பிள்ளை தனியாகப் போவது பற்றி உங்கப்பன் பயப்படுவதில் தப்பில்லை. பயம் எனக்கும் இருக்கிறது. ஆனால் 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதை மறக்கமுடியுமா? ஷீலா ராணி சுங்கத் என்ற அம்மாள் கலெக்டர். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடாகிப்போய் ஆம்பளை சைக்கிளையே வாங்கினார்கள். அதில் ஒரு வசதியும் கண்டுபிடித்தார்கள்: முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம். எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்கு அந்த யோசனை வரவில்லை. பஸ் எங்கே நிற்கிறதோ அங்கே இறங்கி, அது எப்போது வருகிறதோ அப்போது ஏறிக்கொண்டிருந்தவர்கள், தனக்கு வேண்டிய இடத்தில் தானே நிறுத்திக்கொள்ளலாம் என்று தெரிந்துகொண்டார்கள். களை எடுக்கப் போகிற வழியில் தண்ணீர் பிடிக்க நிறுத்தினார்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட நிறுத்தினார்கள். அவர்கள் வண்டி ஓட்டின வீதிகளின் தொடர்ச்சிதான் உன் வீதியும்.

அதனால் தைரியத்தைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. சில்லறை யோசனைகள் சொல்கிறேன். சாயங்காலம் 5 மணிக்குள் தங்குகிற ஊருக்குப் போய்விடு. தோப்பு, கண்மாய்க்கரை என்று கூடாரம் போடுகிற ஆசை இந்தத் தடவை வேண்டாம். பஸ் ஸ்டாண்டு பக்கம் குடும்பங்கள் தங்குகிற லாட்ஜாகப் பார்த்து எடு. எங்கே இருக்கிறாய் என்று வீட்டுக்கு மட்டும் உடனே சொல். ஊருக்குக் காட்டுகிற போட்டோவை மறுநாள் அடுத்த ஊருக்குப் போனபிறகு போடு. அவசர உதவிக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, ரெண்டும் போனில் முதலில் இருக்கட்டும். வழி கேட்பதானால் கடையில் உட்கார்ந்திருக்கிற அம்மாக்களிடம், பூக்காரியிடம், பள்ளிக்கூட வாசலில் நிற்கிறவர்களிடம் கேள். ஓர் இடம் மனசுக்கு ஒப்பவில்லையென்றால் மரியாதைக்காக உட்கார்ந்திருக்காதே. நிற்கத் தெரிந்தவளுக்கு நிற்கக்கூடாத இடமும் தெரியவேண்டும்.

எந்த ஊர் என்று எல்லாரும் கேட்பார்கள். பரவை என்று சொல். "முனியம்மா ஊரா?" என்பார்கள். நாட்டுப்புறப் பாட்டுப் பாடின அந்தப் பாட்டி 2020-ல் போய்ச் சேர்ந்தாலும் அவர் குரல் போகாத கிராமம் இந்தப் பக்கம் இல்லை. அந்த ஒரு பெயரில் உனக்கு உட்கார ஒரு பெஞ்சு கிடைத்துவிடும்.

இனி நான் யாரிடமும் சொல்லாத ஒன்று.

1970-ல் விவேகானந்தர் பாறையில் மண்டபம் திறந்தார்கள். மறுவருஷம் அதைப் பார்க்க நான் இதே வழியில் ஹெர்குலிஸ் சைக்கிளில் தனியாகப் போனேன். உங்கப்பனுக்குச் சின்ன வயசில் நூறு தடவை சொன்ன கதை. உனக்கும் சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டுத்தான் உனக்கு இந்த ஆசை வந்தது என்று உங்கப்பன் என்னைத் திட்டுகிறான். அந்தக் கதையில் ஒரு பொய் இருக்கிறது.

நான் போனது ஆடி மாதம். மேலக்காற்று மலையில் முட்டி, கணவாய் கிடைத்த இடத்திலெல்லாம் புகுந்து வெளியே அடிக்கிற காலம். தென்காசிப் பக்கம் விலாவில் குத்தியது, சமாளித்தேன். முப்பந்தல் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயை நெருங்கியதும் நேர் முகத்தில் அறைந்தது. இன்று அங்கே காற்றாலைகளைக் காடு மாதிரி நட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் காற்றின் பலத்தை அவர்களுக்கு முன்பே நான் கண்டுபிடித்துவிட்டேன். இறங்கி உருட்டியிருக்கலாம். கன்னியாகுமரி வரை மிதித்தே தீருவது, வழியில் உருட்டுவதில்லை என்று எனக்கு நானே ஒரு சபதம். எழுந்து நின்று மிதித்தேன். ஒரு வீச்சில் சைக்கிளோடு தூக்கி ரோட்டோரப் பள்ளத்தில் போட்டது. முன்சக்கரம் எட்டாக வளைந்துவிட்டது. இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது.

பக்கத்து டீக்கடைக்காரர் ஓடிவந்து தூக்கினார். அவர் வீட்டம்மா மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டார். ஒரு மணி நேரம் அந்த பெஞ்சில் கிடந்தேன், நாலு டீ குடித்தேன். பிறகு அவரே ஒரு பஸ்ஸை நிறுத்தி, கூரைமேல் சைக்கிளைக் கட்டி, என்னை ஏற்றிவிட்டார். மண்டபத்தை நான் பார்த்தது உண்மை. கடைசி முப்பது சொச்சம் கிலோமீட்டர் பஸ்ஸில் போனேன் என்பதை ஐம்பது வருஷமாக மறைத்தேன். இப்போது யோசித்தால், அந்தப் பயணத்தில் எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பது பாறையும் இல்லை, மண்டபமும் இல்லை. அந்த பெஞ்சுதான். அதைத்தான் கதையிலிருந்து வெட்டி எறிந்திருக்கிறேன்.

நீ தையில் போகிறாய், நல்லது. வாடைக்காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். ஆனாலும் ஆரல்வாய்மொழி வந்ததும் இறங்கிவிடு. காற்று இல்லாவிட்டாலும் இறங்கு. நூறடி உருட்டிக்கொண்டு நட, எனக்காக. அந்த டீக்கடை இன்று இருக்காது. ஏதாவது ஒரு கடையில் உட்கார்ந்து ஒரு டீ சொல். கிளம்பும்போது ஐந்து டீக்குக் காசு கொடு. அன்று அவர் என்னிடம் வாங்கவில்லை.

இந்தக் கடிதத்தை உங்கப்பனுக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கிறேன். பஸ் விஷயத்தை அவனும் தெரிந்துகொள்ளட்டும்.

அப்பத்தா எள்ளுருண்டை பிடித்து வைக்கிறாள். பொங்கலுக்கு முந்தின நாளே வா, பஞ்சர் ஒட்டப் பழகணும்.

அன்புடன்,
தாத்தா