கண்டக்கழலையும் எங்கள் வீட்டு உப்பும்

தங்கையின் கழுத்து வீக்கம் வெகுநாள் எங்கள் கண்ணில் படவில்லை. வெளியே போனால் பர்தா மறைத்துவிடும். ஒருநாள் அவள் தண்ணீர் குடிக்கையில் அது மேலேறி இறங்குவதை உம்மாதான் கண்டார்.

விழுங்கும்போது அசையும் இவ்வகை வீக்கம் பெரும்பாலும் கண்டக்கழலையே. கழுத்தின் முன்புறம் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் தைரொயிட் சுரப்பி, அயடீன் போதாதபோது தைரொட்சினைச் சுரக்கப் போராடிப் பெருக்கிறது. கர்ப்பிணிக்கு அயடீன் குறைந்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும். இலங்கையில் 1986இல் நடந்த ஆய்வில் பாடசாலைப் பிள்ளைகளில் 18.8 வீதமானோருக்குக் கண்டக்கழலை இருந்தது. உணவு உப்பில் அயடீன் சேர்ப்பது 1995இல் சட்டமானது.

எங்கள் உம்மம்மாவோ உப்பைக் கழுவித்தான் கறியில் போடுவார்! அயடீனும் அந்தத் தண்ணீரோடு போய்விடும். இப்போது மூடியுள்ள போத்தலில், அடுப்புக்குத் தள்ளி உப்பு இருக்கிறது. கறி இறக்கும்போதுதான் போடுகிறோம்.

ஆனால் வீக்கம் கண்டதும் உப்பைக் கூட்டுவது வைத்தியமாகாது. அயடீன் குறையாமலும் சுரப்பி வீங்கலாம். இரத்தப் பரிசோதனை அவசியம். சுரப்பு குறைந்திருந்ததால் தங்கைக்குத் தைரொட்சின் மாத்திரை. அதை வெறும் வயிற்றில் எடுக்கவேண்டும். நோன்பு காலத்தில் சஹர் உணவுக்கு அரை மணி முன்னர் எடுக்கும்படி வைத்தியர் சொன்னார்.

உம்மம்மாவுக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. "கழுவாட்டி மண் கடிபடுமே புள்ள" என்கிறார்.