புழுதி கூறும் வரலாறு

ஒரு நாட்டின் வரலாறு என்றதும் மன்னர்களும் போர்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. அந்நாட்டு மண்ணுக்கு நேர்ந்த அழிவுகளைப் பார்த்தாலும் வரலாற்றை அறியலாம். நிலம் யாரிடம் இருந்தது, யார் அதை எவ்வாறு பயன்படுத்தினர், யார் வெளியேறினர் என்பவற்றை அவை காட்டும். ஐக்கிய அமெரிக்காவில் 1930களில் வீசிய புழுதிப் புயல்களை உதாரணமாக எடுப்போம்.

புயல் வீசியது மழை குறைந்த பெருஞ்சமவெளியில். அங்கு ஆழ வேரூன்றிய புற்கள் மண்ணைப் பிடித்து வைத்திருந்தன. பழங்குடி மக்கள் காட்டெருமைகளை வேட்டையாடி வாழ்ந்தனர். 1862ஆம் ஆண்டுச் சட்டம் குடியேறுவோருக்கு 160 ஏக்கர் வீதம் காணி வழங்கியது. காட்டெருமைகள் அழிக்கப்பட்டன, பழங்குடியினர் ஒதுக்கிடங்களுக்குத் தள்ளப்பட்டனர். அந்நிலத்தில் முதலில் இடம்பெயர்ந்தவர்கள் அவர்களே.

முதலாம் உலகப் போர்க் காலத்தில் கோதுமை விலை உயர்ந்தது. உழவு இயந்திரங்கள் புல்வெளியைப் புரட்டின. பின்னர் விலை விழுந்தபோது, கடனை அடைப்பதற்காக விவசாயிகள் இன்னும் கூடுதலாக உழுதனர். 1931இல் வறட்சி தொடங்கியது. புல்லும் இல்லை, பயிரும் இல்லை. காற்று மேல்மண்ணை அள்ளிச் சென்றது. 1935 ஏப்ரல் 14இல் பட்டப்பகலே இருண்டது.

வறட்சி இயற்கையானது; மண்ணின் போர்வையை உரித்தவர் மனிதர். 1940க்குள் ஏறக்குறைய 25 இலட்சம் பேர் சமவெளி மாநிலங்களை விட்டுச் சென்றனர். எல்லோரையும் புழுதி விரட்டவில்லை. பருத்திச் செய்கையைக் குறைப்பதற்காக 1933 முதல் அரசு பணம் கொடுத்தது. காணிச் சொந்தக்காரர் பலர் அதைப் பெற்றுக்கொண்டு குத்தகைக் குடும்பங்களை வெளியேற்றினர். கலிபோர்னியாவுக்குச் சென்றோர் கூடாரங்களில் தங்கிக் கூலி வேலை செய்தனர்; 'ஓக்கி' என இழிவாக அழைக்கப்பட்டனர்.

மண்ணியலாளர் ஹியூ பெனற்றின் முயற்சியால் 1935இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சரிவுக்குக் குறுக்காக உழுதல், காற்றைத் தடுக்க மரவரிசை நடுதல் முதலிய முறைகள் பரவின. 1937 முதல் விவசாயிகள் தம் பகுதிகளில் மண் பாதுகாப்பு அமைப்புகளை உருவாக்கினர். ஆனால் அச்சட்டம் காத்தது மண்ணை. குத்தகைக் காணியை இழந்தவருக்கு அது காணி கொடுக்கவில்லை. அழிவுக்குப் பின் எது திருத்தப்பட்டது, யார் மறக்கப்பட்டனர் என்பதும் வரலாறே.

குழுவாகச் சிந்திப்போம்

1. நமது ஊரில் நிலத்தை உழுதவர் யார்? உறுதி யார் பெயரில் இருந்தது?

2. வறட்சியோ வெள்ளமோ வந்த ஆண்டுகளில் முதலில் வெளியேறியவர் யார்? திரும்பி வர முடியாமற் போனவர் யார்?

3. ஊரின் குளம், வாய்க்கால், மரங்கள், காணி எல்லைகள் பற்றி முதியோருக்குத் தெரிந்தவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைப்போமா? நாம் எழுதாவிட்டால் நமது மண்ணின் வரலாற்றை யார் எழுதுவர்?