மாட்டேன் என்று சொல்ல ஓர் அத்தை

பாகாலா ஜங்ஷனில் காட்பாடி வண்டிக்குக் காத்திருப்பவர்களில் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எப்போதும் சிலர் இருப்பார்கள். சர்க்கரை, முட்டிவலி என்றால் உரக்கச் சொல்வார்கள். பாகாயம் என்றால் குரல் இறங்கிவிடும். சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் அங்கே 1957இலிருந்து இருக்கிறது. குரல்தான் இன்னும் ஏறவில்லை. அதை இறக்கிவைக்கும் நம்பிக்கைகள் சில:

நம்பிக்கை: மனச்சோர்வு திடமில்லாத மனசுக்கு வருவது. ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் சரியாகிவிடும்.

உண்மை: முடிவெடுத்த பிறகும் கால் நகராததுதான் பலருக்குத் தொல்லை. ஒரு பெண்ணை எண்ணிக்கொள்ளுங்கள், கற்பனைப் பெண்தான். வீட்டில் மூத்தவள். யார் எதைக் கேட்டாலும் செய்வாள், ராத்திரி அழுவாள். "மாட்டேன்" என்று சொல்லப் பழகவேண்டும் என்பது அவளுக்கே தெரியும். ஆனால் அவள் மனசின் கணக்கில் மாட்டேன் என்பவர்கள் எல்லாரும் பாசமற்றவர்கள். தைரியம் வந்தால் பாசம் போய்விடுமே என்ற பயம். நல்லவளாக இருக்கும் ஆசையே அவளைக் கட்டிப்போடுகிறது. இதைக் கோழைத்தனம் என்று எப்படிச் சொல்வது? மனிதர் ஒவ்வொருவரும் உலகைத் தம் சொந்த அளவுகோலால் அளக்கிறார் என்று 1955இல் அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் கெல்லி எழுதினார். அவர் வழியில் வந்த பார்சிலோனாவின் கில்லெம் ஃபெய்ஷாஸ், இத்தகைய முடிச்சுகளைக் குறிவைத்தே ஒரு சிகிச்சைமுறையை வகுத்தார்.

நம்பிக்கை: எது சரி என்று கவுன்சிலர் சொல்லிவிடுவார்.

உண்மை: அதற்கு எதிர்வீட்டுக்காரரே போதும். கவுன்சிலர் கேட்பார்: "மாட்டேன் என்றும் சொல்லி, பாசமாகவும் இருப்பவர் உங்களுக்குத் தெரிந்து யாருமே இல்லையா?" அவள் யோசிப்பாள். பெரிய அத்தை நினைவுக்கு வருவாள். கடன் கேட்டால் முகத்துக்கு நேரே இல்லை என்பாள். பிரசவம் என்றால் முதல் ஆளாக வந்து நிற்பாள். பழைய கணக்கு ஆட்டம் காண ஒரே ஓர் அத்தை போதும்.

நம்பிக்கை: முடிச்சை அவிழ்க்காமல் குணமாகாது.

உண்மை: இங்கேதான் முடிச்சைப் பற்றிப் பேசும் என்னைப் போன்றவர்கள் அடக்கி வாசிக்கவேண்டும். ஃபெய்ஷாஸ் குழு தங்கள் முறையை 128 பேரிடம் சோதித்தபோது, வழக்கமான அறிவாற்றல்-நடத்தை சிகிச்சையும் இதே அளவு பலன் தந்தது. கோவாவில் நடந்த ஓர் ஆய்விலோ முடிச்சைத் தேடவே இல்லை. பயிற்சி பெற்ற சாதாரண உள்ளூர்க்காரர்கள், ஆறு முதல் எட்டு அமர்வுகளில், கைவிட்டுப்போன அன்றாட வேலைகளை நோயாளிகள் மறுபடி தொட உதவினார்கள். முடிவு 2017இல் லான்செட் இதழில் வந்தது: மூன்று மாதத்தில் மீண்டவர்கள் 64 சதவீதம், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39.

சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் முடிச்செல்லாம் பிறகு. முதலில் மருத்துவர், தேவைப்பட்டால் மாத்திரை. மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416, எந்நேரமும் இலவசம். தமிழும் உண்டு, தெலுங்கும் உண்டு. பாகாலாக்காரர்கள் இரண்டில் எதில் வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம்.

நம்பிக்கை: பாகாயம் போனால் பெண்ணைக் குடும்பத்துக்கு எதிராகத் தூண்டிவிடுவார்கள்.

உண்மை: பாகாயத்தில் நோயாளியோடு வீட்டாரும் தங்குவது பழைய வழக்கம். அத்தையையே கூட்டிக்கொண்டு போகலாம்.