அப்பாவின் அடி என் மகளின் உடம்பிலும் இருக்குமா?

கேள்வி: டாக்டர், ராஜபாளையத்தில் அய்யனார் கோவில் போகிற ரோட்டில்தான் பிறந்து வளர்ந்தேன். அப்பா மில் தொழிலாளி. ஷிப்ட் முடிந்து குடித்துவிட்டுத்தான் வருவார். வாசலில் சைக்கிள் ஸ்டாண்ட் போடும் சத்தம் கேட்டதும் தம்பியை இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஆச்சியிடம் ஓடிவிடுவேன். ஓட முடியாத நாளில் அடி. இப்போது எனக்கு 38 வயது. கணவர் தங்கமானவர். ஆனாலும் ராத்திரி வாசலில் பைக் வந்து நின்றால் நெஞ்சு படபடக்கிறது. இரண்டு வருடமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். சின்ன வயதில் பட்ட அடி மரபணுவில் பதிந்து பிள்ளைகளுக்கும் போகும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். என் 9 வயது மகளுக்கும் போயிருக்குமா? அதைக் கண்டுபிடிக்க ரத்த டெஸ்ட் இருக்கிறதாமே, எடுக்கலாமா?
— வாசகி, ராஜபாளையம்

பதில்: சகோதரி, டெஸ்ட் வேண்டாம். உங்களுக்கோ மகளுக்கோ என்ன செய்ய வேண்டும் என்று சொல்லக்கூடிய அப்படி ஒரு பரிசோதனை இன்றைக்கு மருத்துவத்தில் இல்லை. அந்தப் பணத்தை மகளுக்குச் செலவழியுங்கள்.

உங்கள் படபடப்பு கற்பனை இல்லை. 1998-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற இரு மருத்துவர்கள் ஆயிரக்கணக்கானோரிடம் குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அடி, வசவு, வீட்டில் குடிப்பவர் என்று நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பங்களை அனுபவித்தவர்களிடம் மனச்சோர்வும் குடிப்பழக்கமும் மட்டுமல்ல, இதய நோயும் கூடுதலாக இருந்தது. நம் நாட்டில் 2007-இல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் நலத்துறை 13 மாநிலங்களில் எடுத்த ஆய்வில், மூன்றில் இரண்டு குழந்தைகள் அடி வாங்கியதாகச் சொன்னார்கள். நீங்கள் தனி ஆள் இல்லை.

அந்த அடி உடம்புக்குள் எப்படிப் போகிறது? நம் 'க'வின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் 'க்' ஆகிறது. எழுத்து அதேதான், ஓசை அடங்கிவிட்டது. மெத்தில் என்ற சின்ன வேதிக்குழு டி.என்.ஏ.வின் மேல் உட்கார்ந்து செய்வது ஏறக்குறைய இதுதான். மரபணு மாறுவதில்லை. அது எவ்வளவு வேலை செய்கிறது என்பதுதான் மாறுகிறது.

பயந்தால் உடம்பில் கார்டிசால் சுரக்கிறது. ஆபத்து போனதும் மூளையிலுள்ள ஏற்பிகள் அந்தக் கார்டிசாலை உணர்ந்து, போதும் என்று சுரப்பை நிறுத்த வேண்டும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனியும் மோஷே சிஃபும் 2004-இல் எலிகளிடம் கண்டது இந்த ஏற்பியைப் பற்றித்தான். சில தாய் எலிகள் குட்டிகளை ஓயாமல் நக்கி நீவிவிடும். சில அவ்வளவாகக் கவனிக்காது. கவனிப்பு குறைந்த குட்டிகளின் மூளையில், ஏற்பியை உண்டாக்கும் மரபணுவின் மேல் மெத்தில் அதிகம். ஏற்பி குறைவு. பயம் வந்தால் அடங்க நேரமாகிறது. பிறகு குட்டிகளை மாற்றி வைத்துப் பார்த்தார்கள். கவனிக்காத தாய்க்குப் பிறந்ததை, கவனிக்கும் தாயிடம் விட்டார்கள். அந்தக் குட்டி வளர்த்தவளைப் போலவே அமைதியாக வளர்ந்தது. மெத்தில் அடையாளமும் வளர்த்தவளைப் பொறுத்தே அமைந்தது. பெற்றவள் யார் என்பது அங்கே தீர்மானிக்கவில்லை. வீடியோக்காரர்கள் பெரும்பாலும் இந்தப் பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய ஆதங்கம்.

மனிதர்களிடம்? 2009-இல் அதே குழு, தற்கொலை செய்துகொண்டவர்களின் மூளைத் திசுவை ஆராய்ந்தது. சிறுவயதில் வன்கொடுமைக்கு ஆளான 12 பேரிடம் அந்த மெத்தில் அடையாளம் கூடுதலாக இருந்தது. அப்படி ஆளாகாமல் தற்கொலை செய்தவர்களிடம் இல்லை. முக்கியமான ஆய்வுதான், ஆனால் சிறியது. உங்கள் பிரஷருக்கும் இதுதான் காரணம் என்று எந்த டாக்டராலும் அடித்துச் சொல்ல முடியாது.

பிள்ளைகளுக்குப் போகும் என்ற பேச்சு பெரிதும் கிளம்பியது, ரேச்சல் யெஹூடா 2016-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு. நாஜிப் படுகொலையிலிருந்து தப்பிய 32 பேரையும் அவர்களின் பிள்ளைகள் 22 பேரையும் பார்த்து எழுதியது அது. அவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து ஒரு தாயைத் தூங்கவிடாமல் செய்வது தவறு. கரு உருவாகும்போது இத்தகைய அடையாளங்களில் பெரும்பாலானவை அழிக்கப்பட்டுப் புதிதாக எழுதப்படுகின்றன. மகளுக்கு உங்களிடமிருந்து போகக்கூடியது பெரும்பாலும் வீட்டுக்குள் தினமும் நடப்பதன் வழியாகத்தான். அதை மாற்ற உங்களால் முடியும். ஏற்கெனவே மாற்றியிருக்கிறீர்கள்: அவள் வாசல் சத்தத்துக்குப் பயந்து ஓட வேண்டிய வீட்டில் வளரவில்லை. என்றைக்காவது எரிந்து விழுந்துவிட்டால் எல்லாம் போச்சு என்று நினைக்காதீர்கள். பிறகு கூப்பிட்டு, "அம்மா கத்தினது உன் தப்பில்லைடா" என்று சொன்னால் போதும்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது ஆச்சியைப் பற்றிய வரியை. அடிபட்ட குழந்தைக்கு நம்பி ஓட ஒரே ஒரு பெரியவர் இருந்தால்கூட, பிற்காலத்தில் அந்தக் குழந்தை தேறி நிற்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆச்சி உயிரோடு இருந்தால் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இனி நடைமுறைக்கு. 36 வயதில் பிரஷர் வருவது சற்று முந்திதான். சிறுநீரகம், தைராய்டு, இ.சி.ஜி. பார்த்தார்களா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். சைக்கிள் சத்தத்தைப் பற்றியும் அவரிடம் சொல்லுங்கள். அதுவும் அவருக்குத் தெரிய வேண்டிய விஷயம்தான். மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டத்தின் மூலம் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை தருகிறார்கள். அந்தப் படபடப்புக்குத் தனியாகப் பேச்சுவழிச் சிகிச்சை இருக்கிறது, நல்ல பலனும் தருகிறது. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரைப் பாருங்கள். அதுவரை 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. தம்பி இப்போது எப்படி இருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. அவருக்கும் ஒரு தடவை பிரஷர் பார்த்துவிடுங்கள். குடிப்பழக்கம் இருந்தால் அதே எண்ணில் அவரையும் பேசச் சொல்லுங்கள்.